எல் சால்வடோர் – ஹோண்டுராஸ் 'கால்பந்துப் போர்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1969 ஜூலையில் மத்திய அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்து நாடுகளான எல் சால்வடோரும் ஹோண்டுராஸும் நான்கு நாள் போரிட்டன. அதற்கு முந்தைய மாதம்தான் இரண்டு அணிகளும் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் மூன்று முறை மோதியிருந்தன. உலகப் பத்திரிகைகள் இரண்டையும் முடிச்சுப் போட்டு 'கால்பந்துப் போர்' என்று பெயர் வைத்துவிட்டன. கால்பந்து பேசும் இடத்தில் இந்தக் கதை எப்போது வந்தாலும், 'ஒரு கோலுக்காக வெட்டிக்கொண்டார்களாம்' என்ற சிரிப்போடுதான் வருகிறது. அந்தச் சிரிப்பு எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்பதைக் கேள்வி பதிலாகவே எழுதிவிடுகிறேன்.

ஒரு கால்பந்து ஆட்டத்துக்காகவா இரண்டு நாடுகள் போருக்குப் போயின?

இல்லை. ஆட்டங்கள் நடந்ததும் உண்மை, கலவரம் நடந்ததும் உண்மை, அடுத்த மாதமே போர் வந்ததும் உண்மை. ஆனால் அந்த மூன்று ஆட்டங்கள் நடக்காமல் போயிருந்தாலும் 1969-ல் இந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஏதோ ஒன்று வெடித்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். சண்டையின் மூலக் காரணம் நிலம். யாரிடம் நிலம் இருந்தது, யாரை நிலத்திலிருந்து துரத்தினார்கள் என்று பார்த்தால் கதை வேறாகத் தெரியும்.

அப்படி என்ன நிலப் பிரச்சினை?

எல் சால்வடோர் மிகச் சின்ன நாடு. பரப்பளவு சுமார் 21,000 சதுர கிலோமீட்டர். ஹோண்டுராஸ் சுமார் 1,12,000, அதாவது ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் 1969-ல் சின்ன நாட்டில் 30 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இருந்தார்கள். பெரிய நாட்டில் சுமார் 25 லட்சம்தான். எல் சால்வடோரின் நல்ல நிலமெல்லாம் காப்பித் தோட்டம். அது ஒரு சில குடும்பங்களின் கையில் இருந்தது. 'பதினான்கு குடும்பங்கள்' என்றே அந்த ஊரில் அவர்களுக்குப் பெயர். சரியாகப் பதினான்குதானா என்பதல்ல விஷயம். நாட்டு மக்கள் அப்படி எண்ணிச் சொல்லும் அளவுக்கு அது ஒரு சிறு கூட்டம்.

மிச்சமிருந்த ஏழை விவசாயி என்ன செய்வான்? எல்லையைத் தாண்டினான். ஹோண்டுராஸின் வடகரையில் வாழைத் தோட்டங்கள் பெருகிய காலத்திலிருந்தே, அதாவது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே, சால்வடோர் மக்கள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கூலிக்குப் போனவர்களில் பலர் அங்கேயே தரிசைத் திருத்தி, சோளமும் பீன்ஸும் போட்டு, குடிசை கட்டி, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. 1969-ல் அப்படி அங்கே இருந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். ஹோண்டுராஸில் எட்டு பேருக்கு ஒருவர். பெரும்பாலானவர்களிடம் பட்டாவும் இல்லை, குடியுரிமைக் காகிதமும் இல்லை. உழுத மண் மட்டும்தான் இருந்தது.

ஹோண்டுராஸ் கொண்டுவந்தது நிலச் சீர்திருத்தம்தானே? அது ஏழைகளுக்கு நல்லதுதானே?

பெயர் நல்ல பெயர். 1962-ல் சட்டம் வந்தது. சட்டப்படி நிலம் பெற ஹோண்டுராஸில் பிறந்த குடிமகனாக இருக்க வேண்டும். பல வருடங்கள் அது ஏட்டிலேயே கிடந்தது. இதற்கிடையே 1963 அக்டோபரில் ராணுவத் தளபதி ஓஸ்வால்டோ லோப்பஸ் அரெயானோ ஆட்சியைப் பிடித்தார். நிலமில்லாத சொந்த நாட்டு விவசாயிகளின் நெருக்கடி கூடிக்கொண்டே போனது. பெரிய பண்ணைக்காரர்கள் 1966-ல் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். அமெரிக்க வாழைப்பழ நிறுவனமான யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியிடமும் பெருநிலம் இருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நிலம் கேட்கும் ஹோண்டுராஸ் ஏழைக்கு யாருடைய நிலத்தைக் கொடுப்பது? பண்ணைக்காரரிடம் கை வைத்தால் ஆட்சி ஆடும். கம்பெனியிடம் கை வைத்தால் வாஷிங்டன் முகம் சுளிக்கும். பட்டா இல்லாத சால்வடோர்காரனின் மூன்று ஏக்கர்தான் கைக்கு எட்டியது. குடியேறியவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த இரு நாட்டு ஒப்பந்தம் 1969 ஜனவரியில் காலாவதியானது. ஹோண்டுராஸ் அதைப் புதுப்பிக்க மறுத்தது. அடுத்த சில மாதங்களில் வெளியேற்றம் தொடங்கியது. ஒரு ஏழையிடமிருந்து பிடுங்கி இன்னொரு ஏழைக்குக் கொடுத்ததற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

லோப்பஸ் அரெயானோவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யுனைடெட் ஃப்ரூட்டின் வாரிசான யுனைடெட் பிராண்ட்ஸ், வாழை ஏற்றுமதி வரியைக் குறைத்துக்கொள்வதற்காக ஹோண்டுராஸ் தரப்புக்கு 12.5 லட்சம் டாலர் லஞ்சம் கொடுத்தது 1975-ல் அம்பலமானது. அந்த விவகாரத்தில்தான் அவர் பதவி போனது.

எல் சால்வடோர் அரசு தன் மக்களுக்காகத்தான் போருக்குப் போனதா?

அப்படித்தான் அதிபர் ஃபிடெல் சாஞ்செஸ் எர்னாண்டஸின் அரசு சொன்னது. ஹோண்டுராஸில் சால்வடோர் மக்கள் அடிபட்டதும் வீடிழந்ததும் பொய்யில்லை. 'மஞ்சா பிராவா' என்ற அடியாள் கூட்டம் ஊர் ஊராக வேட்டையாடியது. ஆனால் இன்னொரு பயமும் இருந்தது. அந்த 3 லட்சம் பேரும் திரும்பி வந்தால் நிலம் கேட்பார்கள். சால்வடோரில் நிலம் கேட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை 1932 காட்டியிருந்தது: மேற்குப் பகுதியில் எழுந்த விவசாயிகளில் ஆயிரக்கணக்கானோரை ராணுவம் கொன்று குவித்தது. இன்றும் அதை 'லா மதான்சா', படுகொலை, என்ற ஒற்றைச் சொல்லால்தான் அங்கே குறிப்பிடுகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த நிலம் பதினான்கு குடும்பங்களுக்குப் பாதுகாப்பு வால்வாக இருந்தது. அது அடைபட்டால் அழுத்தம் அவர்கள் மேல்தான் வரும்.

சரி, ஆட்டங்களுக்கு வருவோம். என்ன நடந்தது?

1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்று. முதல் ஆட்டம் 1969 ஜூன் 8, ஹோண்டுராஸ் தலைநகர் தெகுசிகல்பாவில். முந்தைய இரவு சால்வடோர் அணி தங்கிய ஓட்டலைச் சுற்றிக் கூட்டம் கூடி, விடிய விடிய ஹாரன், வெடி, கூச்சல், ஜன்னலில் கல். கண் எரிய மைதானத்துக்கு வந்தவர்கள் கடைசி நிமிடம் வரை தாக்குப்பிடித்தார்கள். கடைசி நிமிடத்தில் ஹோண்டுராஸ் ஒரு கோல் போட்டது. 1-0.

ஒரு வாரம் கழித்து, ஜூன் 15, சான் சால்வடோரின் ஃபிளோர் பிளாங்கா மைதானம். இப்போது தூங்கவிடாத முறை இவர்களுடையது, அதுவும் வட்டியோடு. ஓட்டல் ஜன்னல்கள் உடைந்தன, அழுகிய முட்டை பறந்தது, ஹோண்டுராஸ் வீரர்களை ராணுவ வண்டியில் மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஹோண்டுராஸ் கொடி ஏற வேண்டிய கம்பத்தில் ஒரு கந்தல் துணி ஏறியது என்று அன்றைய விவரிப்புகள் சொல்கின்றன. உயிர் பயத்தில் ஆடுகிறவன் காலில் பந்து நிற்குமா? எல் சால்வடோர் 3-0. ஆட்டம் முடிந்து எல்லை நோக்கி ஓடிய ஹோண்டுராஸ் ரசிகர்களை வழியில் அடித்தார்கள். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததும் ஹோண்டுராஸில் இருந்த சால்வடோர் குடும்பங்கள் மேல் அடி விழுந்தது. ஆட்டத்தைப் பார்க்கவே போகாதவர்கள் அவர்கள்.

மூன்றாவது ஆட்டம் ஜூன் கடைசி வாரத்தில், பொது இடமாக மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானத்தில். எனக்கு வருத்தம் என்னவென்றால், இது உண்மையிலேயே அருமையான ஆட்டம். போரின் நிழல் விழுந்ததால் யாரும் அதை ஆட்டமாக நினைவு வைக்கவில்லை. சால்வடோரின் ஹுவான் ராமோன் மார்டினஸ் தொடக்கத்திலேயே முதல் கோல். ஸ்பெயினில் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு ஆடிவிட்டு வந்திருந்த ஹோண்டுராஸ் நட்சத்திரம் கார்டோனா சமன் செய்தார். அரை மணிக்குள் மார்டினஸ் மறுபடி. இடைவேளை முடிந்து வந்த கையோடு ஹோண்டுராஸ் 2-2. தொண்ணூறு நிமிடமும் அப்படியே முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. 101-ஆவது நிமிடத்தில் 'பிப்போ' என்று செல்லமாக அழைக்கப்பட்ட மவுரிசியோ ரோட்ரிகஸ் அடித்த கோல்தான் முடிவு. 3-2.

இரண்டாவது ஆட்டத்தில் 3-0 என்று வென்றவர்கள் மூன்றாவது ஆட்டம் எதற்கு ஆடினார்கள்?

அன்றைய விதி அப்படி. இப்போது போல இரண்டு ஆட்டத்தின் கோல்களைக் கூட்டிப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு வெற்றி என்றால் புள்ளி சமம், பொது இடத்தில் தீர்ப்பு ஆட்டம். கோல் கணக்குப் பார்த்திருந்தால் 3-1 என்று கதை ஜூன் 15-லேயே முடிந்திருக்கும்.

தோல்வி தாங்காமல் ஒரு சால்வடோர் பெண் தன்னைச் சுட்டுக்கொண்டதாகச் சொல்கிறார்களே?

முதல் ஆட்டத்தின் கோலைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் அப்பாவின் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக்கொண்டாள், அதிபரே சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தார் என்று கதை போகும். இந்தப் போரைப் பற்றிப் பேசும் பாதிப் பேர் இதில்தான் தொடங்குவார்கள். இதற்கு உறுதியான சான்று இல்லை என்று பின்னால் தேடிப் பார்த்தவர்கள் சந்தேகம் தெரிவித்திருக்கிறார்கள். நான் இதை நடந்த சம்பவமாகச் சொல்வதில்லை. நீங்களும் சொல்லாமல் இருப்பது நல்லது.

அப்படியானால் கால்பந்துக்குப் பங்கே இல்லையா?

உண்டு, அதை மறைக்கவும் கூடாது. நிலச்சட்டம், ஒப்பந்தக் காலாவதி, வர்த்தகப் பற்றாக்குறை எல்லாம் சாதாரண மனிதனின் நெஞ்சைத் தொடாத சொற்கள். தூங்கவிடாமல் அடித்த ஹாரனும் கந்தல் கொடியும் அப்படியல்ல. இரண்டு நாட்டு வானொலிகளும் பத்திரிகைகளும் ஜூன் மாதம் முழுக்க அவற்றைத்தான் ஊதிக்கொண்டிருந்தன. அரசுகளுக்குத் தேவைப்பட்ட கோபத்தை மைதானம் இலவசமாகத் தயாரித்துக் கொடுத்தது. அஸ்டெகா ஆட்டம் நடந்த அதே நாட்களில்தான் எல் சால்வடோர் தூதரக உறவையே முறித்துக்கொண்டது. சொன்ன காரணம், ஹோண்டுராஸில் தன் மக்கள் மேல் நடந்த தாக்குதல்.

வர்த்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960-ல் தொடங்கிய மத்திய அமெரிக்கப் பொதுச் சந்தையில் தொழிற்சாலை அதிகமிருந்த எல் சால்வடோருக்கு லாபம், ஹோண்டுராஸுக்கு நட்டம். கடையில் வாங்கும் செருப்பு வரை சால்வடோர் சரக்கு என்ற எரிச்சல் ஹோண்டுராஸ் நகரங்களில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது.

போர் எப்படி நடந்தது?

ஜூலை 14 மாலை சால்வடோர் விமானங்கள் தெகுசிகல்பாவின் தொன்கொன்டின் விமான நிலையத்தைத் தாக்கின. குண்டுவீச்சு விமானம் போதாததால், சரக்கு ஏற்றும் சி-47 விமானங்களின் கதவைத் திறந்து கையால் குண்டைத் தள்ளினார்கள். தரைப்படை எல்லை தாண்டிப் போய் நுயேவா ஒகோதெபெக்கே என்ற மாவட்டத் தலைநகரைப் பிடித்தது. மறுநாளே ஹோண்டுராஸ் விமானப்படை சால்வடோரின் அகாஹுட்லா துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கியது. அதோடு சால்வடோர் படைக்கு எரிபொருள் சிக்கல், வெடிமருந்தும் குறைந்தது. முன்னேற்றம் நின்றது. அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டு ஜூலை 18-ல் போர் நிறுத்தம் கொண்டுவந்தது. ஏறத்தாழ நூறு மணி நேரம் என்பதால் 'நூறு மணிநேரப் போர்' என்றும் பெயர் உண்டு. அந்த நாடுகளில் பலரும் இந்தப் பெயரைத்தான் விரும்புகிறார்கள். நானும் அவர்கள் பக்கம். சால்வடோர் படை ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் பின்வாங்கியது, அதுவும் பொருளாதாரத் தடை பயம் காட்டிய பிறகு.

விமானப்படை ஆர்வலர்கள் இந்தப் போரை விரும்பிப் பேசுவது எதனால்?

ஜூலை 17-ல் ஹோண்டுராஸ் விமானி கேப்டன் ஃபெர்னாண்டோ சோட்டோ ஒரே நாளில் மூன்று சால்வடோர் விமானங்களை வீழ்த்தினார்: ஒரு மஸ்டாங், இரண்டு கோர்சேர். அவர் ஓட்டியதும் கோர்சேர்தான். இரண்டு தரப்பு விமானங்களும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க வடிவங்கள். காற்றாடி வைத்த பிஸ்டன் இன்ஜின் போர் விமானங்கள் ஒன்றையொன்று துரத்திச் சுட்டுக்கொண்ட கடைசிச் சண்டை அது. மனிதன் நிலவில் கால் வைக்க மூன்றே நாள் இருந்தது. சோட்டோவின் 609 எண் விமானத்தை தெகுசிகல்பா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள்? யார் ஜெயித்தார்கள்?

பெரும்பாலும் சொல்லப்படும் கணக்கு 2,000 முதல் 3,000 வரை. அவர்களில் அதிகம் பேர் எல்லையோர ஹோண்டுராஸ் கிராமத்து மக்கள். சால்வடோர் வீரர்கள் போய்ப் பிடித்த ஊர்களில் பெரும்பாலானவை கிராமங்கள்தான், துரத்தப்பட்டவர்கள் விட்டுப்போன ஊர்களும் கிராமங்கள்தான். சான் சால்வடோரில் வெற்றி ஊர்வலம் நடந்தது. ஹோண்டுராஸும் தான் காத்து நின்றதாகச் சொல்லிக்கொண்டது. வெளியேறிய 60,000 முதல் 1,30,000 வரையான சால்வடோர் மக்களில் பலர், கையில் மூட்டை, தலையில் பாய், இடுப்பில் பிள்ளை என்று, தாங்கள் பிறக்கவே பிறக்காத ஒரு 'தாய்நாட்டுக்கு' வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகு எல் சால்வடோர் உலகக் கோப்பையில் என்ன செய்தது?

ஹைட்டியையும் வென்ற பிறகுதான் மெக்சிகோவுக்குப் போக முடிந்தது. போய், பெல்ஜியத்திடம் 0-3, மெக்சிகோவிடம் 0-4, சோவியத் யூனியனிடம் 0-2. ஒரு கோலும் போடவில்லை. மெக்சிகோ ஆட்டத்தில் முதல் கோலுக்கு நடுவர் கொடுத்த அனுமதி அநியாயம் என்று சால்வடோர் வீரர்கள் பந்தைத் தொடவே மறுத்து நின்றார்கள். அந்தக் கோல் வந்த விதம் இதுதான்: ஃப்ரீ கிக் தங்களுக்கு என்று அவர்கள் நினைத்து நிற்க, மெக்சிகோ வீரர் அதை அடித்து ஆட்டத்தைத் தொடர்ந்துவிட்டார்.

எல் சால்வடோரின் உள்நாட்டுப் போருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. திரும்பி வந்த நிலமற்றவர்களின் கூட்டம், அடைபட்ட எல்லை, போருக்குப் பின் பலம் கூடிய ராணுவம். பத்து வருடத்தில் நாடு தீப்பிடித்தது. 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் மாண்டார்கள்.

இதில் சும்புல் ஆற்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 1980 மே 14. எல்லையாக ஓடும் ஆறு. சால்வடோர் தேசியக் காவல்படையும் துணைப்படையும் துரத்த, கிராம மக்கள் ஆற்றில் இறங்கி அக்கரை ஏறப் பார்த்தார்கள். அக்கரையில் நின்ற ஹோண்டுராஸ் சிப்பாய்கள் அவர்களை ஏறவிடவில்லை. குறைந்தது 300 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. அமைத்த உண்மை ஆணையம் பதிவு செய்தது. பதினோரு வருடம் முன்பு மக்களுக்காக என்று சொல்லி ஒன்றையொன்று சுட்ட அதே இரண்டு ராணுவங்கள்தான், அன்று ஆற்றின் இரு கரையிலும் நின்றன. 1969 போருக்கான இரு நாட்டுச் சமாதான ஒப்பந்தம் அதே 1980 அக்டோபர் 30-ல்தான் பெரு தலைநகர் லிமாவில் கையெழுத்தானது.

எல்லைத் தகராறு தீர்ந்ததா?

பெரும்பாலும். ஸ்பானிய மொழியில் 'பொல்சோனெஸ்', அதாவது பைகள், என்று அழைக்கப்படும் சின்னச் சின்னத் துண்டு நிலங்கள்தான் சிக்கல். சர்வதேச நீதிமன்றம் 1992 செப்டம்பர் 11-ல் அவற்றில் பெரும்பகுதியை ஹோண்டுராஸுக்குக் கொடுத்தது. ஃபொன்செகா வளைகுடாவில் உள்ள கொனெஹோ என்ற குட்டித் தீவை மட்டும் இன்றும் இருவரும் தங்களது என்கிறார்கள்.

இன்றும் இரண்டு அணிகளுக்கும் பகைதானா?

போட்டி உண்டு. சால்வடோர்காரனை 'குவானாக்கோ' என்றும் ஹோண்டுராஸ்காரனை 'கத்ராச்சோ' என்றும் கிண்டலாகவும் பாசமாகவும் சொல்வார்கள்; அவரவர் தங்களையே அப்படிச் சொல்லிக்கொள்வதும் உண்டு. மைதானத்தில் சத்தம் குறையாது.

ஆனால் 1981-ஐ நினைத்துப் பாருங்கள். சமாதான ஒப்பந்தத்துக்கு மை காய்ந்து ஒரு வருடம். 1982 உலகக் கோப்பைக்கான இறுதித் தகுதிச்சுற்று முழுவதும் தெகுசிகல்பாவில் நடந்தது. முதல் ஆட்டத்தில் தூங்கவிடாமல் அடித்த அதே ஊர். இம்முறை எல் சால்வடோர் மெக்சிகோவை 1-0 என்று சாய்த்தது, ஹோண்டுராஸுடன் 0-0. கடைசி ஆட்டத்தில் மெக்சிகோ ஹோண்டுராஸை வென்றிருந்தால் சால்வடோர் வெளியே. ஹோண்டுராஸ் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டது. தோற்றாலும் அதற்கு ஒன்றும் குறையாது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் ஆடி 0-0 என்று நிறுத்தியது. மெக்சிகோ வீட்டுக்குப் போனது. இரண்டு பக்கத்து நாடுகளும் சேர்ந்து ஸ்பெயினுக்குப் போயின.

அங்கே ஹோண்டுராஸ், போட்டியை நடத்திய ஸ்பெயினையே 1-1 என்று திணறடித்தது. எல் சால்வடோர் ஹங்கேரியிடம் 1-10 என்று தோற்றது. உள்நாட்டுப் போருக்கு நடுவே, சரியான ஏற்பாடே இல்லாமல் வந்த அணி அது. அந்த ஒரு கோலை ராமிரஸ் சப்பாத்தா போட்டார்; உலகக் கோப்பையில் எல் சால்வடோர் இன்றுவரை போட்ட ஒரே கோல். அந்த அணியின் பயிற்சியாளர், அஸ்டெகாவில் 101-ஆவது நிமிடத்தில் கோல் அடித்த பிப்போ ரோட்ரிகஸ்.